மனநோய்க்கு வாசல் திறந்த டாக்டர்

லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனில் சியால்டா ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் பாலிகஞ்ச். அதற்கும் கிழக்கே தில்ஜலாவில் லும்பினி பார்க் மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. அதை நிறுவியவர் டாக்டர் கிரீந்திரசேகர் போஸ்.

1887 ஜனவரி 30-ந் தேதி தர்பங்காவில் பிறந்தார். பரசுராம் என்ற புனைபெயரில் புகழ்பெற்ற வங்க எழுத்தாளர் ராஜசேகர் போஸ் இவருடைய தமையனார். கல்கத்தா மெடிக்கல் காலேஜில் பயின்று 1910-ல் டாக்டரானார். பிற டாக்டர்கள் உடலை நோக்க, இவர் மனத்தை நோக்கினார். 1922-ல் இந்திய மனப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். வியன்னாவிலிருந்த ஃபிராய்டுடன் பல ஆண்டுகள் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை.

அந்நாளில் மனநோய் என்றால் தொலைவிலுள்ள பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான். அங்கே அனுப்ப அஞ்சி, நோய் முற்றும்வரை வீட்டிலேயே மறைத்து வைத்தவர்கள் பலர். 1933-ல் போஸ் ஓர் எளிய காரியம் செய்தார். இன்று ஆர்.ஜி.கர் எனப்படும் அன்றைய கார்மைக்கேல் மெடிக்கல் காலேஜில் மனநோய்க்கு வெளிநோயாளிப் பிரிவு திறந்தார். பொது ஆஸ்பத்திரியில் இத்தகைய பிரிவு இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. காய்ச்சலுக்கு வருவதுபோல வந்து, டாக்டரைப் பார்த்து, வீடு திரும்பலாம். 1940-ல் தமையனாரின் உதவியுடன் லும்பினி பார்க் உருவாயிற்று.

ஆனால், மனச்சிதைவு நோயைக் கட்டுப்படுத்தும் மருந்து அப்போது இல்லை. முதல் மருந்தான குளோர்புரோமசின் பாரிஸ் ஆஸ்பத்திரிகளில் கையாளப்பட்டது 1952-ல். மறு ஆண்டு ஜூன் 3-ந் தேதி போஸ் காலமானார்.

அவர் காலத்தில் வாசல் இருந்தது, மருந்து இல்லை. இன்று இரண்டும் உண்டு. தாமதம் மட்டும் போகவில்லை. இந்நோய் பெரும்பாலும் பதினாறு முதல் முப்பது வயதுக்குள் தலைகாட்டுகிறது. நன்றாகப் படித்த பிள்ளை படிப்பில் பின்தங்குவான், தூக்கம் கெடும், குளிக்கவும் உடுத்தவும் அக்கறை குறையும், நண்பர்களை விட்டு ஒதுங்குவான், காரணமின்றிச் சந்தேகப்படுவான், யாருமில்லாத இடத்தில் குரல் கேட்பதாகச் சொல்வான். பெண் பிள்ளைகளுக்கும் இவ்வாறே. இவற்றில் ஒன்றிரண்டு தோன்றுவதாலேயே நோய் என்று முடிவு கட்டலாகாது. வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் காட்டத் தயங்கவும் கூடாது. பரீட்சைக் கவலை, திருஷ்டி என்று மாதங்களைக் கடத்தினால் குணமடைவது கடினமாகிறது. கல்யாணம் செய்துவைத்தால் தெளியும் என்பதும் தவறு. ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கி, டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதிருந்தால் படிப்பையும் வேலையையும் தொடர முடிந்தவர்கள் அநேகர்.

போஸ் திறந்த வாசலுக்கு நேரத்தோடு அழைத்துச் செல்ல வேண்டியவர்கள் வீட்டார்தான்.