போதும் என்ற மனசு

மதுரை செல்லூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, அடுத்தவங்க வீடு கட்டுறதைப் பார்த்து முறுமுறுத்தேன். அப்போது ஆவியானவர் ஏமி கார்மைக்கேல் அம்மாவை நினைப்பூட்டினார்.

1867-ல் அயர்லாந்தில் பிறந்தவர்கள். 1895-ல் இந்தியா வந்தபின் தாய்நாட்டுக்குத் திரும்பவேயில்லை. நெல்லைச் சீமை டோனாவூரில், கோவிலுக்கு நேர்ந்துவிட இருந்த பெண்பிள்ளைகளுக்குத் தாயானார்கள். 1931-ல் விழுந்து அடிபட்டு, ஏறக்குறைய 20 வருஷம் படுக்கை. அந்த அறையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார்கள். 1951-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். கல்லறைக்கல் வேண்டாம் என்றிருந்தபடியால், பிள்ளைகள் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த்தொட்டிதான் வைத்தார்கள்.

சொந்த வீடில்லை, பேர் பொறித்த கல்லுமில்லை. இயேசு போதுமாயிருந்தார்! அன்று முழங்காலில் அழுதேன். வீடு மாறலே, என் மனசு மாறிடுச்சு. தேவனுக்கே மகிமை. அல்லேலூயா!