குருதியைப் படித்த மேதை

தேர்வில் தோற்றவன் வாழ்விலும் தோற்பான் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். அவ்வெண்ணம் பொய் என்பதற்கு டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவின் வாழ்க்கையே போதிய சான்று.

அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895 சனவரி 12இல் ஓர் எளிய தெலுங்குக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இளமையில் படிப்பில் நாட்டமில்லை. காசி யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் சேர்க்க எண்ணி ஓடிய சிறுவனை அன்னையார் மீட்டு வந்தார். மெட்ரிகுலேஷனில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று தேறினார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அறைகூவலை ஏற்றுக் கதர் உடுத்தியதால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். கிட்டவில்லை, அதற்குத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

இதனினும் பெரிய துயர் ஒன்று அவர் நெஞ்சை அறுத்தது. உடன்பிறந்தார் இருவர் ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்கு அடுத்தடுத்துப் பலியாயினர். நோயின் வேரைக் காணும் வேட்கையுடன் பாஸ்டன் நகரை அடைந்தார். கருவுற்றிருந்த மனைவி ஊரிலேயே தங்கினார். பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தான். சுப்பாராவோ தாயகம் திரும்பவே இல்லை. அவருடைய புகழுக்கு அந்த அம்மையார் தந்த விலையையும் நாம் மறக்கலாகாது.

மருத்துவமனையில் இரவுப் பணியாளாக உழைத்துக்கொண்டே ஹார்வர்டில் பயின்றார். 1925இல் பேராசிரியர் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து, குருதியிலுள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை வெளியிட்டார். பாஸ்பேட்டு மாலிப்டேட்டுடன் சேர்ந்து, தக்க வினைப்பொருளால் நீலநிறம் பெறும். நீலம் எவ்வளவு அடர்ந்ததோ, பாஸ்பரசும் அவ்வளவு மிகுதி. சிறுவரின் எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோயில் அது குறையும். சிறுநீரகம் பழுதுற்றால் கூடும். உடலைக் கீறாமல், சில துளிக் குருதியில் உள்ளுறுப்பின் நிலையை அறிய இது வழிவகுத்தது.

அதே ஆய்வின் தொடர்ச்சியாகத் தசைகளுக்கு ஆற்றல் தரும் பாஸ்போகிரியேட்டினையும் ஏ.டி.பி.யையும் இருவரும் கண்டனர். ஆயினும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. 1940இல் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே அவர் தலைமையில் ஃபோலிக் அமிலம் செயற்கையாக ஆக்கப்பட்டது. சகோதரரைக் கொன்ற ஸ்ப்ரூவின் குருதிச் சோகைக்கு அது மருந்தாயிற்று. அதன் உருவைச் சற்றே மாற்றியதில் பிறந்த அமினாப்டெரின், சிட்னி ஃபார்பரின் கையில் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குத் தற்காலிக விடுதலை தந்தது. யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசானும் ஆரியோமைசினும் அவர் குழுவின் கொடைகளே. 1948 ஆகஸ்டில், ஐம்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார்.

அவர் திறந்த வழி இன்று நெடுந்தூரம் சென்றுவிட்டது. மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்னும் நரம்பு நோயில், நரம்பிழை சிதையும்போது நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் கசிந்து குருதியில் கலக்கிறது. ஒரு மில்லிலிட்டரில் சில பிக்கோகிராம் அளவே ஆயினும் இன்றைய கருவிகள் அதை அளக்கின்றன. அளவு உயர்ந்தால் நோய் உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம். மருந்து பலித்தால் அது தணிகிறது. வேறு நரம்பு நோய்களிலும், முதுமையிலும் அது உயர்வதால், அவ்வளவு ஒன்றையே கொண்டு நோயை முடிவு செய்தல் தகாது. ஸ்கேனும் மருத்துவரின் கண்ணும் உடன் வேண்டும். அளவில் நேர்மை, முடிவில் நிதானம் என்ற ஆய்வறம் அன்றைய நீலத்துக்கும் இன்றைய புரதத்துக்கும் பொதுவன்றோ?

வீட்டை விட்டுப் புனேயில் பயிலும் தோழர்களே! மதிப்பெண் குறைந்த நாளில் மனம் சோரும்போது, மூன்றாம் முறை தேர்வெழுத அமர்ந்த அந்த இளைஞரை நினையுங்கள். கூடவே, வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதவும் மறவாதீர்கள்.