நோயினூடே மலர்ந்த நாராயணீயம்

மலைநாட்டுத் திவ்யதேசமாகிய திருநாவாய்க்கு அணித்தே உள்ளது மேல்பத்தூர் இல்லம். அங்கே 1560-ஆம் ஆண்டளவில் மாத்ருதத்தர் என்னும் பண்டிதரின் திருக்குமாரராக அவதரித்தவர் ஸ்ரீ நாராயண பட்டத்திரி. மீமாம்ஸையைத் தந்தையாரிடமும், தர்க்கத்தைத் தமையனாரிடமும், வியாகரணத்தைத் திருக்கண்டியூர் அச்யுத பிஷாரடியிடமும் கற்றுத் தேர்ந்தார்.

கல்வி நிறைந்த இளமையிலேயே கொடிய வாதநோய் அவரைப் பற்றியது. குருநாதரின் பிணியைத் தாமே விரும்பி ஏற்றார் என்பது ஐதிஹ்யம். உடல் முடங்கிய நிலையில் குருவாயூரப்பன் ஸந்நிதியை அடைந்த அவர், நோய் நீங்கட்டும், பிறகு பாடுவோம் என்று காத்திருந்தாரல்லர். பதினெண்ணாயிரம் கிரந்தமாகிய ஸ்ரீமத் பாகவதத்தை ஆயிரத்துக்குச் சற்றே மேற்பட்ட சுலோகங்களில் வடித்தெடுக்க முற்பட்டார். நாளொன்றுக்கு ஒரு தசகமாக, நூறு நாட்களில் நூறு தசகங்கள் முற்றுப்பெற்றன என்பர் பெரியோர்.

அந்நூலில் அவர் தம் வேதனையை மறைத்தாருமல்லர். பகவானின் லீலையைப் பாடிவந்து, தசகத்தின் இறுதியில் என் பிணியைத் தீர்த்தருள்வாய் என்று பல இடங்களில் இறைஞ்சுகிறார். வலியே விண்ணப்பமாயிற்று, விண்ணப்பமே காவியமாயிற்று. நூறாம் தசகத்தில் எம்பெருமானின் திவ்யமங்கள விக்ரஹத்தைக் கேசம் முதல் பாதம் ஈறாக ஸேவித்து, நோய் நீங்கப்பெற்றார் என்பது ஸம்ப்ரதாயம்.

நூலின் முடிவில் ஆயுள், ஆரோக்கியம், ஸௌக்கியம் மூன்றும் உண்டாகுக என வேண்டும் தொடரை அமைத்தார். தமக்கென்று மட்டும் கேளாமல், உலகோர்க்கெனவே கேட்டார். கடபயாதி முறையில் எண்ணினால், அத்தொடரே கலியுகத்தின் 17,12,210-ஆம் நாளைக் குறிக்கும். அது 1586-ஆம் ஆண்டு விருச்சிக மாதத்தில் நூல் நிறைவுற்ற நாள்.

பின்னர் நெடுங்காலம் அவர் எழுத்தாணி ஓயவில்லை. சாக்கியார்கள் கூத்தில் எடுத்துரைக்கப் பல பிரபந்தங்களை இயற்றினார். அம்பலப்புழை அரசர் தேவநாராயணரின் விருப்பப்படி, பாணினி சூத்திரங்களை இருபது கண்டங்களாக வகுத்து விளக்கும் பிரக்ரியா ஸர்வஸ்வத்தை 1616-ஆம் ஆண்டளவில் அருளினார்.

உத்ஸவம் ஸேவிக்க வந்துள்ள அன்பர்களில் தீராப்பிணியோடு வந்தோரும் இருப்பீர். பிணி தீர்வது அவன் திருவுள்ளம். மருத்துவர் சொற்படி நடப்பது நம் கடமை. அன்றன்றைய பத்துச் சுலோகம் போல, இயன்ற சிறு கைங்கர்யத்தை அன்றன்றே செய்வதும் நம் கையிலேயே உள்ளது. பட்டத்திரி வேண்டிய அம்மூன்றும் அனைவர்க்கும் உண்டாகுக.

சுபமஸ்து.