கோதுமை மணி விழுந்த கரிசல் நிலம்

சிவகாசி என்றதும் வெளியூர் நண்பர்களுக்கு வெடியும் தீப்பெட்டியும் காலண்டரும்தான் நினைவுக்கு வரும். நம் கல்லூரியில் படித்தவர்களுக்கே அதைத் தாண்டிச் சொல்ல அதிகம் இருக்காது. ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து 1923-இல் இங்கே தொடங்கிய கதை நமக்கெல்லாம் மனப்பாடம். அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பு, இந்த ஊரில் ஒரு கூடாரத்தில் தங்கி, இந்த ஊர் மண்ணிலேயே அடங்கிப்போன ஒரு கணித மேதையைப் பற்றி இந்த மலரில் கொஞ்சம் சொல்லலாம் என்று ஆசை. தாமஸ் கஜெட்டன் ராக்லாந்து என்பது அவர் முழுப் பெயர். திருநெல்வேலிச் சீமையில் பாதிரிமார்களை ஐயர் என்று அழைப்பது அந்நாள் வழக்கம். ஆகவே இவரும் ராக்லாந்து ஐயர்.

1815 ஏப்ரல் 26-ஆம் நாள் ஜிப்ரால்டரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்து உறவினர் ஆதரவில் வளர்ந்தவர். லிவர்பூலில் சில காலம் வியாபார அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, மற்ற மாணவர்களைவிட வயது கூடின நிலையில்தான் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார். 1841-இல் கணிதத் தேர்வில் நான்காவது ராங்க்லர்! ராங்க்லர் என்றால் என்ன என்று இன்றைய மாணவர்கள் கேட்கக்கூடும். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதல் வகுப்பில் தேறுகிறவர்களுக்குப் பெயர் அது. முதல் இடம் பிடிப்பவர் சீனியர் ராங்க்லர். பராஞ்சபே 1899-இல் அந்த முதலிடத்தைப் பிடித்தபோது இந்தியாவே கொண்டாடியது. அப்படிப்பட்ட தேர்வில் நாலாவது இடம் என்றால் சும்மா இல்லை. கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரி அவரை ஃபெலோவாக எடுத்துக்கொண்டது. சாகும்வரை அங்கேயே பாடம் சொல்லிக்கொடுத்து, கௌரவமாக இருந்திருக்கலாம். பக்கத்தில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பார்ன்வெல் பகுதியில் உதவிக் குருவாகவும் ஊழியம் செய்தார்.

1845 கடைசியில் கப்பலேறி, அடுத்த ஆண்டு சென்னை வந்தார். சி.எம்.எஸ். சங்கத்தின் சென்னைச் செயலாளர் வேலை. கடிதம், கணக்கு, கமிட்டி. கணக்குத் தெரிந்தவனிடம் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்துவிடுவது எல்லாச் சங்கங்களிலும் நடப்பதுதான், நம் முன்னாள் மாணவர் சங்கம் உட்பட! அவரும் முகம் சுளிக்காமல் பார்த்தார். ஆனால் அந்த வேலையில் திருநெல்வேலிப் பக்கம் சுற்றிப் பார்த்தபோது ஒன்று அவர் கண்ணில் பட்டது. தெற்கே பாளையங்கோட்டையைச் சுற்றிச் சபைகள் பெருகியிருந்தன. அங்கே இருந்த மிஷனரிகளுக்குப் பள்ளிக்கூடம், கட்டடம், சபை வழக்கு, சம்பளப் பட்டுவாடா என்று நாள் முழுவதும் சரியாகப் போய்விடும். புது ஊருக்கு நடக்க நேரம் ஏது? வடக்கேயோ சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமங்களுக்குப் போக ஆளே இல்லை. அந்நாளில் இவையெல்லாம் திருநெல்வேலி மாவட்டம். 1910-இல்தான் ராமநாதபுரத்தோடு சேர்ந்தன. விருதுநகர் தனி மாவட்டமானது 1985-இல்.

இதற்கு அவர் கண்ட வழி ரொம்ப எளிமையானது. வீடு கட்டக் கூடாது. கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போக வேண்டும். உடல்நிலை கெட்டு இங்கிலாந்து போனவர், அங்கே டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தார். நுரையீரல் பலவீனமான மனுசன், சித்திரை வைகாசியில் நம்மூர் வெயிலில் துணிக் கூடாரத்துக்குள்! நமக்கே அந்த மாதங்களில் ஓட்டு வீட்டுக்குள் இருப்பு கொள்ளாது. ரயில் கிடையாது. மாட்டு வண்டி, குதிரை, இல்லாவிட்டால் நடை.

1854 முதல் இந்த ஊழியம் நடந்தது. இதில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வெள்ளைக்காரர் மூவரின் தியாகம் மட்டும் அல்ல. தெற்கேயிருந்து தமிழ் உபதேசிமார் முறைவைத்து மாதாமாதம் வந்து இவர்களோடு ஊழியம் செய்தார்கள். அவர்களுக்கான செலவை அனுப்பியது தெற்குச் சபைகளே. பனை ஏறிப் பிழைத்த குடும்பங்கள் நிறைந்த சபைகள் அவை. வடக்கே முகம் தெரியாத ஊர்களுக்காகக் காசு போட்டார்கள். ராக்லாந்து ஐயர் பெயரைச் சொல்லும்போது அந்தப் பெயர் தெரியாதவர்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கூடாரத்து வாழ்க்கை ஜெபத்திலும் வேத வாசிப்பிலும் ஊன்றியிருந்தது. இன்று நம் பக்கத்து ஆலயங்களில் வாசிக்கிற பழகிய தமிழ் வேதாகமம் அப்போது வரவில்லை. அது முழுதாக அச்சானது 1871-இல். திருநெல்வேலியில் ரேனியஸ் ஐயர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு புழக்கத்தில் இருந்த காலம். வேதத்தில் ஐயருக்கு மிகவும் ஒட்டிக்கொண்டது யோவான் பன்னிரண்டாம் அதிகாரத்துக் கோதுமை மணி. நிலத்தில் விழுந்து சாகிற விதைதான் பலன் தரும் என்று இயேசு தம்மைப் பற்றிச் சொன்ன பகுதி. வெற்றிக்கு எத்தனை திட்டம் போட்டாலும் இதைவிட நிச்சயமான திட்டம் இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். கணக்கு வாத்தியார் ஒரு தேற்றத்தைப் பிடித்துக்கொள்வதுபோல இதைப் பிடித்துக்கொண்டார். கரிசல் காட்டில் கம்பும் சோளமும் விதைக்கிற சம்சாரிக்கு இந்த உவமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. மழை வருமா என்று தெரியாமலே விதையை மண்ணுக்குள் போடுகிறவன் அவன்.

பலன் என்ன என்று கேட்டால், அவர் கண்ணால் கண்டது கொஞ்சமே. நாலு வருசம் ஊர் ஊராக அலைந்தும் பெரிய கூட்டம் எதுவும் சேர்ந்துவிடவில்லை. கம்பெனி ஆட்சிக் காலத்தில் வந்த வெள்ளைக்காரப் பாதிரியை ஜனங்கள் சந்தேகத்தோடு பார்த்ததிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தேர்வில் நாலாம் இடம் வாங்கியவருக்கு இந்தக் கணக்கு மட்டும் விடை தராமல் நின்றது. அவர் இடத்தில் நான் இருந்தால் கேம்பிரிட்ஜுக்கு டிக்கெட் எடுத்திருப்பேன். அங்கே திரும்பிப் போகிற வயதும் தகுதியும் அவருக்கு இருக்கத்தான் செய்தது. போகவில்லை.

1858 அக்டோபர் 22. சிவகாசியில் இருந்தபோது நுரையீரலில் ரத்தக்குழாய் வெடித்து, எதிர்பாராமல் உயிர் பிரிந்தது. வயது 43. சிவகாசியிலேயே அடக்கம் செய்தார்கள்.

ஃபென்னும் மெடோஸும் வேலையை விடவில்லை. சிவகாசிக்குப் பக்கத்தில் சாட்சியாபுரம் மிஷன் ஊராக வளர்ந்தது. அங்குள்ள பள்ளிகளில் படித்துவிட்டு நம் கல்லூரிக்கு வந்தவர்கள் எல்லா செட்டிலும் உண்டு, எந்த மதத்தவராக இருந்தாலும். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1922-இல் ராக்லாந்து ஐயரின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதினார். ஏறத்தாழ அதே நேரத்தில்தான் நம்மூர் இளைஞர் இருவர் தீக்குச்சி செய்யக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபர் 22 பெரும்பாலும் தீபாவளி நெருக்கத்தில் வரும். லாரிகள் கடைசிச் சரக்கை ஏற்றுகிற நாட்கள். டீ குடிக்கக்கூட நேரம் இருக்காது. அதனால்தானோ என்னவோ, ஊரில் பலருக்கு அந்தத் தேதி நினைவில் இருப்பதில்லை.