கரிசற்காட்டு இராக்லண்டு ஐயர்

திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றைப் பயில்வோர் தென்பகுதிப் பெரியாரையே பெரிதும் நினைவுகூர்வர். வடக்கே கோவிற்பட்டியைக் கடந்து சாத்தூர், சிவகாசி வரை விரிந்து கிடக்கும் கரிசற் பூமியில் உழைத்து மடிந்த தாமஸ் இராக்லண்டு ஐயரை அறிந்தார் நம் மாணவருட் சிலரே. சபைப் பணியில் ஈடுபட விழையும் வாலிபர்க்கு அவர் வாழ்க்கை நற்பாடமாதலின், அதனை ஈண்டுச் சுருங்க உரைக்கத் துணிந்தோம்.

ஐயர் 1815-ஆம் ஆண்டு ஜிப்ரால்டரிற் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து, லிவர்பூலில் உறவினரால் வளர்க்கப்பெற்றார். சில காலம் வணிகச் சாலையிற் பணிபுரிந்தார். பின்னர்க் கேம்பிரிட்ஜிற் பயின்று, 1841-ஆம் ஆண்டுக் கணிதச் சிறப்புத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். 1846-ஆம் ஆண்டு முதல் சென்னையில் சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளராய் அமர்ந்தார். கணக்கும் கடிதமும் அவர்க்குக் கைவந்த கலை. அப்பதவியிலேயே இருந்திருப்பின் சிறப்புடன் வாழ்ந்திருக்கலாம்.

ஆயின், திருநெல்வேலிச் சீமையைச் சுற்றிப் பார்த்த அவர் உள்ளம் ஒரு குறையைக் கண்டது. தெற்கே சபைகள் பெருகியிருந்தன. அங்குள்ள மிஷனரிமார் அச்சபைகளையும் பள்ளிகளையும் பேணுவதிலேயே பொழுது முழுவதும் செலவிட்டனர். வடக்கே எண்ணற்ற ஊர்கள் நற்செய்தி கேளாதிருந்தன. அங்குச் செல்ல ஆளில்லை. இருக்கும் மந்தையைக் காக்கும் கவலை, இல்லாத மந்தையைத் தேடும் கடமையை விழுங்கிவிட்டது. இதற்கு ஐயர் கண்ட வழி எளியது: ஓரிடத்தில் பங்களா கட்டி அமராது, கூடாரத்துடன் ஊர்தோறும் செல்லுதல். டேவிட் பென், இராபர்ட் மெடோஸ் என்னும் இளைஞர் இருவர் அவர்க்குத் துணையாயினர். 1854-ஆம் ஆண்டு வட திருநெல்வேலிச் சுற்றூழியம் தொடங்கிற்று.

கரிசல் நிலத்தின் இயல்பு நாம் அறியாததன்று. கோடையிற் பாளம் பாளமாய் வெடிக்கும். மழை பெய்தாலோ வண்டிச் சக்கரம் அச்சுவரை புதையும். பருத்தியும் கம்பும் விளையும் அந்நிலத்தில் நிழல் அரிது, நீரும் அரிது. நோயுற்ற உடலினரான ஐயர் அங்கேதான் கூடாரம் அடித்தார்.

இவ்வூழியத்தில் நாம் தலையாயதாகக் கருதுவது பிறிதொன்று. தென்திருநெல்வேலிச் சபைகள் தம் உபதேசிமாரை முறைவைத்து, ஒவ்வொருவரையும் ஒரு மாதம் வடக்கே அனுப்பின. அவர்தம் செலவையும் அச்சபைகளே ஏற்றன. இதனால் விளைந்த நன்மை இருதிறத்தது. வடக்கே சென்றவர் நம் மொழியும் வழக்கும் அறிந்தவர். ஆதலின் அவர் சொல் எளிதிற் செவியேறும். அனுப்பிய சபையோ, பெறுவதன்றிக் கொடுப்பதையும் கற்றது. திட்டம் வகுத்தவர் அயல்நாட்டார் எனினும், அதற்கு உயிர் தந்தவர் நம்மவரே. 1903-ஆம் ஆண்டு திருநெல்வேலிக் கிறிஸ்தவர் தம் பொருளாலும் தம் ஆட்களாலும் இந்திய மிஷனரி சங்கத்தை நிறுவியபோது, இப்பழக்கம் வீண்போகவில்லை என்பது விளங்கிற்று.

ஐயர் வாழ்நாளில் ஞானஸ்நானம் பெற்றோர் மிகச் சிலரே. 1858-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், சிவகாசியில் திடீரென இரத்தம் கக்கி, தம் 43-ஆம் வயதில் உயிர் நீத்தார். எண்ணிக்கையை மட்டும் நோக்குவார்க்கு அது தோல்வியாகவே தோன்றியிருக்கும். ஆயின் துணைவர் பணியைக் கைவிட்டாரல்லர். வடபுலத்தில் பின்னர்ச் சபைகள் எழுந்தன. தம் ஒருவர் மேல் நில்லாத பணியை அவர் அமைத்திருந்தமையே அதற்குக் காரணம் என்போம்.

இன்றும் ஒரே குருவானவர் பல ஊர்ச் சபைகளைத் தாங்கும் சேகரங்கள் உள. நம் வாலிபர் சங்கங்களோ, ஒருநாட் கூட்டம் நடத்தி மாலையே திரும்பிவிடுகின்றன. ஒவ்வொரு சங்கமும் தன் செலவில் இருவரைத் தேர்ந்து, கோடை விடுமுறையில் ஒரு மாதம் ஒரே சிற்றூரில் தங்கச் செய்தால் என்ன? அங்கே சிறுவர்க்குக் கற்பிக்கலாம்; நோயுற்றாரைக் காணலாம்; ஊராரிடமிருந்து நாமும் கற்கலாம். மறு ஆண்டு வேறிருவர் அவ்வூருக்கே செல்லட்டும். பெருந்தலைவர் ஒருவர்க்காகக் காத்திராமல் முறைவைத்துச் சுமை சுமக்கும் பலரை ஆயத்தஞ் செய்வதே கரிசற்காட்டுக் கூடாரம் நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.