ஆணி பொறுக்கிய காந்தம்: மதுரையில் பஸ் விட்ட டி.வி.சுந்தரம் ஐயங்கார்

டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்தை மதுரைப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. அந்த எழுத்துக்கு உரியவர் சுந்தரம் ஐயங்கார். முதல் எழுத்து அவருடைய ஊரைக் குறிக்கும். நெல்லைச் சீமையில் உள்ள திருக்குறுங்குடிதான் அது. அங்கே 1877ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி அவர் பிறந்தார்.

தகப்பனாரின் விருப்பப்படி முதலில் வக்கீல் தொழிலில் இறங்கினார். அது மனசுக்கு ஒட்டவில்லை. ரெயில்வேயில் உத்தியோகம் பார்த்தார். பிறகு பாங்கியில் வேலை பார்த்தார். மாதம் பிறந்தால் கை நிறையச் சம்பளம். அந்தக் காலத்தில் அதை விட்டுவிட யாருக்குத் துணிவு வரும்? அவருக்கு வந்தது. 1911ல் சொந்தத் தொழில் தொடங்கினார். 1912ல் மதுரையில் பஸ் ஓட்டினார்.

பஸ் என்றால் இன்றைய பஸ்சை நினைத்துக்கொள்ளக் கூடாது. சாலையும் இன்றைய சாலை அல்ல.

செம்மண்ணும் கரிசலும்

மதுரையைச் சுற்றிலும் பல வகை மண் உண்டு. ஒரு பக்கம் செம்மண். தெற்கே அருப்புக்கோட்டை, விருதுநகர்ப் பக்கம் போனால் கரிசல். வெயில் காலத்தில் அது பாளம் பாளமாக வெடிக்கும். ஒரு மழை பெய்தால் பசை போலச் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். வைகை ஓரத்தில் மணல். தார்ச் சாலை அபூர்வம். கப்பிக்கல் போட்ட பாதை இருந்தால் அதுவே பெரிய காரியம். பல இடங்களில் ஓடைக்குப் பாலம் கிடையாது. வறண்ட மணலில் இறங்கித்தான் ஏறவேண்டும்.

இந்தப் பாதைகளில் காலம் காலமாக ஓடியது கட்டை வண்டி. அதன் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா. முள்ளும் கல்லும் அதை ஒன்றும் செய்யாது. மோட்டாரின் டயர் அப்படியா? அது காற்றடைத்த ரப்பர். 1888ல் அயர்லாந்தில் இருந்த டன்லப் என்ற கால்நடை வைத்தியர், தம் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்து கொடுத்தது. விளையாட்டு வண்டிக்குச் செய்த பொருள் மதுரைக் கப்பிச் சாலையில் மூட்டை முடிச்சோடு ஜனங்களைச் சுமக்கவேண்டி வந்தது!

ஆணி என்னும் எதிரி

வண்டி மாடுகளின் குளம்புக்கு லாடம் அடிப்பார்கள். லாடத்தை ஆணி பிடித்திருக்கும். நடந்து நடந்து ஆணி தளர்ந்து வழியில் விழும். அதே வழியில்தான் பஸ்சும் வரும். ஆணி ஏறினால் டியூபில் காற்று இறங்கிவிடும். டிரைவரும் கண்டக்டரும் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றவேண்டும். சந்தைக்குப் போகிறவர் சந்தையைத் தவறவிடுவார். கோர்ட்டுக்குப் போகிறவர் வாய்தாவைத் தவறவிடுவார். அடுத்த தடவை இரண்டு பேருமே மாட்டு வண்டியில் ஏறிவிடுவார்கள்.

சுந்தரம் ஐயங்கார் நேரத்தை உயிராக மதித்தவர். அதனால் சாலையில் காந்தம் பொருத்திய வண்டியை ஓட்டி, கிடக்கும் ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்று மதுரையில் இன்றும் சொல்கிறார்கள். டி.வி.எஸ். பஸ் வரும் நேரத்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திவைத்தார்கள் என்பதும் ஊரறிந்த பேச்சு.

காற்று எவ்வளவு?

ஆணி வெளியில் இருக்கும் எதிரி. இன்னொரு எதிரி டயருக்குள்ளேயே உண்டு. அதுதான் காற்று. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

சேற்று வயலில் வெறுங்காலோடு நடந்தால் கால் புதைகிறது. பலகை போட்டு அதன்மேல் நடந்தால் புதைவதில்லை. ஆள் பாரம் ஒன்றுதான். பாரம் பரவும் இடம்தான் வேறு. டயரும் இப்படித்தான். ஒரு சக்கரத்தின் மேல் 600 பவுண்டு பாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டயரில் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு வீதம் காற்று அடித்தால், சுமார் 10 சதுர அங்குலம்தான் தரையில் படும். காற்றை 30 பவுண்டாகக் குறைத்தால் சுமார் 20 சதுர அங்குலம் படும். டயர் நீளவாக்கில் படிந்து மணலின் மேல் மிதந்து போகும். முறுக்கமாகக் காற்று அடித்த டயர் மணலைத் தோண்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிடும்.

பாக்னால்டு என்ற ஆங்கிலேய ராணுவ என்ஜினீயர் 1920களிலும் 1930களிலும் எகிப்தை அடுத்த பாலைவனத்தில் மோட்டார் கார்களை ஓட்டினார். டயரில் காற்றைக் குறைத்துத்தான் மணல் மேடுகளில் ஏறினார்.

அப்படியானால் எப்போதும் குறைத்தே ஓட்டலாமே? கூடாது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் நசுங்கி நிமிரும். வேகமாக ஓடினால் சூடேறும். உள்ளே இருக்கும் நூல் அடுக்கு பிரியும். பாரம் ஏற்றிய பஸ்சில் அது வெடித்துவிடும். கப்பிக் கல்லில் மோதினால் தட்டையான டயரின் பக்கம் கிழியும், டியூப் நெரிபடும். எனவே மணலில் காற்றை இறக்கினால், மணலைத் தாண்டியதும் பம்பை எடுத்து மறுபடி அடிக்கவேண்டும். மண் பாதையில் மணல் அளவுக்கு இறக்கவேண்டாம். குலுக்கல் குறையும்படி கொஞ்சம் தளர்த்தி, மெதுவாகப் போனால் போதும். ஆனால் பஸ் நிறைய ஆள் ஏறியிருந்தால் அந்தத் தளர்வும் ஆகாது.

டயரின் விலையும் சாமானியம் அல்ல. 1936ல் வங்காளத்தில் டன்லப் தொழிற்சாலை வருகிறவரை டயர் கப்பலில் வந்தது. காற்றைக் கவனியாத டிரைவர் முதலாளியின் பணத்தை வழியெல்லாம் தேய்த்துக்கொண்டு போகிறார் என்று அர்த்தம்.

யுத்தம் வந்தது

இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் பங்கீட்டுக்கு வந்தது. 1942 தொடக்கத்தில் ரப்பர் விளையும் மலேயாவை ஜப்பான் பிடித்துக்கொண்டது. பஸ் முதலாளிகள் திகைத்தார்கள். வண்டியை ஷெட்டில் போட்டுப் பூட்டுவதா?

ஐயங்கார் பூட்டவில்லை. மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் எரியக்கூடிய வாயு கிடைக்கும். அந்த வாயுவால் என்ஜினை ஓட்டலாம். இதற்கான கருவி டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்ற பெயரில் வெளிவந்தது. பெட்ரோலின் வேகம் அதில் இல்லை. மேட்டில் ஏறும்போது வண்டி முனகும். ஆனாலும் பஸ் ஓடியது.

தேய்ந்த டயருக்கு மறுபடி ரப்பர் போடும் தொழிற்சாலையும் அவர் தொடங்கியவற்றில் ஒன்று. தேய்ந்த மேல்பாகத்தைச் சுரண்டி, புது ரப்பர் ஒட்டி, அச்சில் வைத்துச் சூடாக்குவார்கள். உள்கூடு நன்றாக இருந்தால்தான் இது முடியும். காற்றில்லாமல் ஓட்டி உள்கூட்டைக் கெடுத்த டயருக்கு மறுபிறவி கிடையாது.

மகள்

வீட்டில் அவர் பட்ட துயரமும் பெரிது. மகள் சௌந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தார். விதவைப் பெண்ணை மூலையில் உட்காரவைத்த காலம் அது. ஐயங்கார் குடும்பம் அவரை டில்லிக்கு அனுப்பி டாக்டருக்குப் படிக்கவைத்தது. 1940ல் காந்தியடிகளின் ஆசியோடு அவர் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். பெற்றோருக்கு அதில் முதலில் சம்மதம் இல்லை. பஸ் விஷயத்தில் ஊருக்கு முன்னால் ஓடிய தகப்பனாருக்கு, இந்த விஷயத்தில் மகளோடு ஓடச் சிறிது காலம் பிடித்தது. 1947ல் சௌந்தரமும் அவர் கணவரும் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள்.

சுந்தரம் ஐயங்கார் 1955 ஏப்ரல் 28ஆம் தேதி கொடைக்கானலில் காலமானார். அவருக்கு முன்பே பிள்ளைகள் தொழிலை ஏற்று நடத்தத் தொடங்கியிருந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அரசாங்கம் பஸ்களை எடுத்துக்கொண்டது. மதுரையில் அவை பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்களாக ஓடின. 1982ல் அவர் வழியினர் டயர் கம்பெனி தொடங்கினார்கள். மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் அதன் ஆலை இருக்கிறது. மோட்டார் சைக்கிள் டயர்களோடு, சாலையே இல்லாத மண்ணில் ஓடும் வண்டிகளுக்கான டயர்களும் அந்தக் கம்பெனியின் சரக்குதான்.