பதிலுக்குக் காத்திருந்த போதகர்

மாதம் ஒருமுறை சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் இருவர் துண்டுப் பிரசுரங்களுடன் வந்து நிற்பார்கள். நான் கிறிஸ்தவன் அல்லன். மரியாதையாக மறுத்துக் கதவைச் சாத்துவேன். அடுத்த மாதமும் வருவார்கள். அவர்களது விடாப்பிடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு பர்த்தலோமேயு சீகன்பால்கு நினைவுக்கு வருகிறார்.

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில், புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682-ல் பிறந்தவர் அவர். டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பி வைக்க, நண்பர் புளுட்சோவுடன் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். டேனியக் கோட்டையின் தளபதிக்கு இந்த வருகை பிடிக்கவில்லை. 1708-ன் இறுதியில் அவரைச் சிறையில் அடைத்து நான்கு மாதங்கள் வைத்திருந்தார்.

சொல்ல வந்ததைச் சொல்லத் தமிழ் வேண்டுமே! திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் படித்தார். இறந்துபோனவர்களின் விதவைகளிடம் ஆளனுப்பி ஓலைச்சுவடிகளை விலைக்கு வாங்கினார். உலகநீதி, கொன்றை வேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மனில் பெயர்த்தார். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்.

அவர் நம் சமயத்தை மதித்துப் போற்றியவர் என்று சொல்லிவிட முடியாது. கோயில் ஒன்றில் சிலைகளை உடைத்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அந்த மனிதர்தான் தமிழர்களுக்குக் கடிதம் எழுதிக் கேள்விகள் கேட்டார். கிறிஸ்தவத்தை நீங்கள் ஏன் வெறுக்கிறீர்கள் என்றும் கேட்டார். அவர்களும் தயங்காமல் பதில் எழுதினார்கள்: வெள்ளைக்காரர் குடிக்கிறார்கள், மாட்டிறைச்சி உண்கிறார்கள், சுத்தம் பேணுவதில்லை என்று. அந்தப் பதில்களை அவர் மறைக்கவில்லை. ஜெர்மனில் பெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கே அவை அச்சாயின. தன்னை மறுத்தவர்களின் குரலைத் தானே சுமந்துபோய்ச் சேர்த்த போதகர் வேறு யாரும் எனக்கு நினைவில் இல்லை.

தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் அவர் எழுதி முடித்த பெருநூலை ஹாலேயில் இருந்த பெரியவர்கள் அச்சேற்ற மறுத்தார்கள். புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதையே ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர்கள் கோபம். 1867-ல்தான் அது சென்னையில் வெளிவந்தது.

1718-ல் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார். மறுவருடம் பிப்ரவரியில், 36 வயதில் இறந்து அங்கேயே அடக்கமானார். பதின்மூன்று வருட உழைப்பில் அவரோடு சேர்ந்தவர்கள் சில நூறு பேர்தான். அவர் கேட்டு வாங்கிய பதில்களோ, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு சாதாரணத் தமிழர் என்ன நினைத்தார்கள் என்பதற்கு இன்றும் சாட்சியாக இருக்கின்றன.

என் வாசலுக்கு வருகிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் இத்தனை வருடங்களில் ஒரு நாளும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்திருப்பேன்.